‘வித்தியாசப் பணம்’ கேட்டால் ரசீது கேளுங்கள்

சென்ற வாரமும் ஒரு குடும்பம் வந்தது. அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. திட்டத்தின் அனுமதியும் தடையில்லாமல் வந்துவிட்டது. இருந்தும், ‘நல்ல பிளேட் (எலும்பை இணைக்கும் உலோகத் தகடு) வைக்கிறோம், அதற்கு வித்தியாசம்’ என்று சொல்லி, திட்டத் தொகைக்கு மேல் நாற்பதாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். மகள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். ஆதாரம் கேட்டேன். பர்ஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். மருத்துவமனையின் பெயர் இல்லை, தேதி இல்லை. பென்சிலில் 40,000 என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்திருந்தது.

இந்தச் சீட்டை வேறு வேறு கையெழுத்துகளில் பார்த்துப் பார்த்து மனம் நொந்துவிட்டது.

அவர்கள் புகார் கொடுக்கக்கூட வரவில்லை. அடகுக் கடை வட்டிக்கு வழி கேட்டு வந்தவர்கள். “இலவசமாகத்தானே மேடம் வைத்தியம் பார்த்தார்கள், அவர்களிடம் போய் எப்படிக் கணக்குக் கேட்பது?” என்றார் மகள்.

இந்த எண்ணத்தோடுதான் எனக்குத் தீராத சண்டை. பொறுமையாகவே சொல்கிறேன். அந்த மருத்துவமனை உங்களுக்கு இலவசமாக எதையும் செய்யவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்படி அரசு காப்பீடு செய்திருக்கிறது. அதற்குச் செலவாவது பொதுப் பணம். நீங்கள் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியும் அதில் சேர்த்தி. மருத்துவமனையோ ஒப்பந்தத்தில் தானே கையெழுத்திட்டுத் திட்டத்துக்குள் வந்திருக்கிறது. இன்ன சிகிச்சைக்கு இன்ன தொகை என்று பேக்கேஜ் நிர்ணயித்திருக்கிறார்கள். படுக்கை, மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து, மாத்திரை, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். தொகை கட்டுப்படியாகவில்லை என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு. அந்த நியாயத்தை அரசிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பற்றாக்குறையை நோயாளியின் மகள் கழுத்திலிருந்து கழற்றி ஈடுகட்ட யாருக்கும் உரிமை கிடையாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்ற வி.பி. சாந்தா வழக்கில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில், இலவசமாகச் சிகிச்சை பெறுபவரும் நுகர்வோர்தான். நோயாளி எடுத்த பாலிசியின்படி காப்பீட்டு நிறுவனம் கட்டணத்தை ஏற்கும்போது, அந்தச் சிகிச்சையை இலவச சேவை என்று சொல்ல முடியாது. நம் திட்டத்தில் பாலிசியை அரசு எடுத்துத் தருகிறது. யார் எடுத்தாலும் மருத்துவமனைக்குப் பணம் வந்து சேருகிறது என்பதே எங்கள் வாதம். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனைகளுக்கு இந்த நுகர்வோர் வழக்கு வழி பொருந்தாது.

இன்னொரு தாளும் வழக்கைக் கெடுக்கிறது. வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் ஒரு கட்டுத் தாள்களை நீட்டி, ‘இங்கே, இங்கே’ என்று விரல் வைத்துக் கையெழுத்து வாங்குவார்கள். ‘என்னிடம் எந்தத் தொகையும் வசூலிக்கப்படவில்லை’ என்ற வாசகம் அதில் இருக்கும். வழக்குப் போட்டதும் பதில் மனுவோடு முதலில் வருவது அந்தத் தாள்தான். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கொடுத்திருந்தால், கொடுத்த தொகையை அதே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுத்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிர் ஊசலாடும்போது வாதாடிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. கட்டத்தான் வேண்டிய நிலை வந்தால் கட்டுங்கள். ஆனால் மருத்துவமனையின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் அச்சிட்ட ரசீது கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால், தெரிந்த படித்த பிள்ளை யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். திட்டத்தின் பட்டியலில் இல்லாத சிகிச்சைகளும் உண்டு. ‘இது திட்டத்தில் வராது’ என்றால் அங்கிருந்தபடியே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டு உறுதி செய்யுங்கள். சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி.

சாலை விபத்து என்றால் காப்பீட்டு அட்டையையே தேடாதீர்கள். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம்.

அரசிடமும் ஒரு கோரிக்கை. அனுமதிக்கப்பட்ட தொகை எவ்வளவு, அதில் என்னென்ன அடக்கம் என்பதைத் தமிழில் அச்சிட்டு, அறுவைக்கு முன்பே நோயாளியின் கையில் கொடுக்கச் செய்யுங்கள். நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு, தங்கள் பெயரில் எவ்வளவு அனுமதியானது என்பதே தெரியாது. அந்த ஒரு தாள் இருந்தால் ‘வித்தியாசம்’ என்று கேட்க வாய் எழாது.

ஏமாந்துவிட்டீர்களா? திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்து, அதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து நிரந்தர மக்கள் நீதிமன்றம். மருத்துவமனைச் சேவை, காப்பீட்டுச் சேவை இரண்டையும் அது விசாரிக்கும். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சமரசம் ஏற்படாவிட்டால் தானே தீர்ப்பும் சொல்லும். அங்கே போவதென்றால், வேறு நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதற்கு முன்பே போக வேண்டும் என்பதை நம் வக்கீல்களே சிலர் மறந்துவிடுகிறார்கள். நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலை அமர்த்தித் தரும்.