'கன்ட்ரி மியூசிக்': தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கத் தென் மாநிலங்களில் வளர்ந்த 'கன்ட்ரி மியூசிக்' பாடும் ஒருவரை 'வரவிருக்கும் நாட்டுப்புறப் பாடகர்' என்று தமிழில் அறிமுகப்படுத்தினால், அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. 'வரவிருக்கும்' என்பது இன்னும் வராத ஒன்றைக் குறிக்கும். பாடிப் பெயர் வாங்கத் தொடங்கிவிட்டவர் 'வளர்ந்துவரும்' பாடகர். இது எளிதில் திருந்தும். 'நாட்டுப்புற' என்பதுதான் பெரிய சிக்கல்.

'கன்ட்ரி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் 'எதிரே' என்று பொருள்படும் 'கோன்ட்ரா'. கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம் 'கோன்ட்ராட்டா' ஆயிற்று. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தேசம், ஊர்ப்புறம் என இரு பொருளிலும் நிலைத்தது. தமிழில் 'நாடு' என்பதற்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. இந்திய நாடு என்கிறோம், நாட்டுப்புறம் என்றும் சொல்கிறோம். மொழிபெயர்ப்பவர் இடறுவது இந்த ஒற்றுமையில்தான். 'நாட்டு இசை' என்று எழுதினால் தேசபக்திப் பாடலோ என்று படிப்பவர் மயங்கவும் இடமுண்டு.

இந்த இசைக்கு 'கன்ட்ரி' என்ற பெயர் தாமதமாகத்தான் வந்தது. 1925-இல் அல் ஹாப்கின்ஸ் குழுவினர் நியூயார்க்கில் பாடிப் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவை நடத்திய ரால்ஃப் பியர் அவர்களுக்கு வைத்த பெயர் 'ஹில் பில்லீஸ்'. மலைக்காட்டுப் பட்டிக்காட்டான் என்ற இளக்காரம் அதில் இருந்தது. ஆனாலும் அந்த இசை முழுவதற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்டு, காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்கான பட்டியலை 1944-இல் தொடங்கியபோது, நாட்டார் இசையைக் குறிக்கும் 'ஃபோக்' என்ற சொல்லைத்தான் போட்டது. 1949-இல் அதை விட்டுவிட்டு 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என மாற்றி, 1962-இல் 'கன்ட்ரி' என்று சுருக்கியது. அமெரிக்கர்களே 1949-இல் கைவிட்ட பெயரைத்தான் 'நாட்டுப்புற இசை' என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நாட்டார் பாடல் வாய்வழி வருவது. பெரும்பாலும் யார் கட்டியது என்று தெரியாது, பாடுகிறவர் சொல்லை மாற்றினாலும் கேட்பாரில்லை. கன்ட்ரி பாட்டுக்கு எழுதியவர் பெயர் உண்டு, பங்கு உண்டு, பதிப்புரிமை உண்டு. கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரத் தொழிலே அதன்மேல்தான் நடக்கிறது. இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து எழுதினால், யார் எத்தனை வரி தந்தார் என்று எண்ணாமல் சமமாகப் பிரித்துக்கொள்வது அங்கே வழக்கம். அமெரிக்காவில் 2025-இல் விற்ற ஒவ்வொரு குறுந்தகட்டுப் பிரதிக்கும் 5 நிமிடத்துக்கு மிகாத ஒரு பாட்டுக்கான சட்டப்படியான கட்டணம் 12.7 சென்ட். மூவர் எழுதியிருந்தால் தலைக்கு ஏறத்தாழ 4.2 சென்ட், அதிலும் இசைப் பதிப்பகத்தின் பங்கு போகும். சாதாரண வானொலி ஒலிபரப்புக்கு எழுதியவருக்குத்தான் பணம், பாடியவருக்கு இல்லை. பிறர் எழுதியதை மட்டும் பாடும் புதியவருக்கு, பாட்டு நாள்தோறும் ஒலித்தாலும் வானொலியிலிருந்து காசு வராது. அவர்கள் எழுதவும் கற்றுக்கொள்வதற்கு இது முக்கியமான காரணம்.

கன்ட்ரி பாடகி லெய்னி வில்சன் நல்ல எடுத்துக்காட்டு. லூசியானாவின் பாஸ்கின் என்ற சிற்றூர்க்காரர். 2011-இல் நாஷ்வில் வந்து இழுவை வண்டி வீட்டில் தங்கினார். இருவரோடு சேர்ந்து எழுதிய பாட்டு கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 2021-இல்தான். 2023-இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் தலையாய விருது, 2024-இல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியான 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையில் உறுப்பினர் தகுதி. அந்தப் பத்தாண்டு உழைப்பை 'நாட்டுப்புறப் பாடகி' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

இசையின் ஒலியும் தனி. பெடல் ஸ்டீல் என்பது மேசைபோல் கிடத்தி வைத்த கிட்டார், பெரும்பாலும் பத்துக் கம்பி. இடக்கையில் எஃகுக் கட்டை, காலடியில் பெடல்கள், முழங்காலருகே நெம்புகோல்கள். மீட்டிய கம்பி அதிரும்போதே பெடலை மிதித்தால் சுரம் வழுக்கி ஏறும். முந்தி மிதித்தால் அந்த வழுக்கல் கேட்காது. பிந்தி மிதித்தால் ஒலி தேய்ந்து போயிருக்கும். ஒலிப்பதிவில் வாத்தியக்காரர்கள் சுருதிக் கூட்டுகளை ('கார்டு'களை) எண்ணால் குறிப்பார்கள். '1-4-5' என்பது ஜி சுருதியில் ஜி, சி, டி. பாடகியின் குரலுக்கு ஏ தேவை என்றால் தாளைத் திருத்த வேண்டாம், அதே எண்கள் ஏ, டி, ஈ ஆகிவிடும்.

ஆகவே ஜாஸ், புளூஸ், ராக் போல இதையும் பெயர்ச்சொல்லாகவே கொள்வதுதான் சரி: கன்ட்ரி இசை, கன்ட்ரி பாடகர். புதிய வாசகருக்கு முதல் இடத்தில் மட்டும் 'அமெரிக்கத் தென் மாநிலங்களில் வளர்ந்த கன்ட்ரி இசை' என்று விரித்தால் போதும். 'நாட்டார் இசை', 'நாட்டுப்புற இசை' இரண்டையும் ஃபோக் இசைக்கே வைத்துக்கொள்ளலாம். ஒரே கட்டுரையில் இரண்டு இசையும் வரும்போது இந்தப் பிரிப்பு கட்டாயம் வேண்டும்.