நிர்வாக இயக்குநரின் சம்பளமும் நீங்கள் போடாத வாக்கும்

ஜூலை பிறந்துவிட்டால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்புகள் மின்னஞ்சலில் வந்து குவியும். பெரும்பாலானோர் அவற்றைத் திறப்பதே இல்லை. நிர்வாக இயக்குநருக்கு அடுத்த சில ஆண்டுகளுக்கு என்ன ஊதியம் என்பதைத் தீர்மானிப்பது பல நேரங்களில் அந்த அறிவிப்புதான். கம்பெனி செயலராக இப்படிப்பட்ட தீர்மானங்களை எழுதுவது என் தொழில். சிறு பங்குதாரர்கள் அவற்றைப் படிப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 197ஆவது பிரிவின்படி, இயக்குநர்கள் அனைவருக்கும் சேர்த்துத் தரும் ஊதியம் நிகர லாபத்தில் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரே ஒரு நிர்வாக இயக்குநர் என்றால் அவருக்கு 5 சதவீதம். இந்த வரம்பைத் தாண்ட, முன்பு மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2018 செப்டம்பர் முதல் அது தேவையில்லை. பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், அதாவது பதிவாகும் வாக்குகளில் முக்கால் பங்கு ஆதரவு பெறும் தீர்மானம், போதும். அரசு வகித்த காவலர் பொறுப்பு அன்றே பங்குதாரர்களிடம் வந்துவிட்டது. நிறுவனத்தைத் தொடங்கி, அல்லது தன் கட்டுப்பாட்டில் வைத்து நடத்தும் புரமோட்டர் குடும்பத்தைச் சேர்ந்த இயக்குநர் ஒருவரின் ஆண்டு ஊதியம் 5 கோடி ரூபாய், அல்லது நிகர லாபத்தில் 2.5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினாலும் சிறப்புத் தீர்மானம் தேவை என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியும் விதித்திருக்கிறது.

இனி, அறிவிப்பில் எதைப் பார்க்க வேண்டும்? தீர்மானத்தில் ஒரே தொகை இருக்காது. மாதச் சம்பளம் இவ்வளவு முதல் இவ்வளவு வரை, அதற்குள் இயக்குநர் குழு அவ்வப்போது முடிவு செய்யும் என்று இருக்கும். கீழ்த்தொகையைப் படித்துத் திருப்தி அடையாதீர்கள். நீங்கள் ஒப்புதல் தருவது மேல்தொகைக்கு. அடுத்து, கமிஷன் லாபத்தில் எத்தனை சதவீதம், அதற்கு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். கடைசியில் ஒரு வரி வரும்: லாபம் இல்லாத, அல்லது போதாத ஆண்டிலும் இதே சம்பளம் குறைந்தபட்ச ஊதியமாகத் தரப்படும் என்று. நான் முதலில் தேடும் வரி அதுதான். டாடா மோட்டார்ஸ் 2014இல் இந்த இடத்தில்தான் சிக்கியது. வெளிநாட்டுத் துணை நிறுவனமான ஜாகுவார் லேண்ட் ரோவர் நன்றாகச் சம்பாதித்தது. ஆனால் தாய் நிறுவனத்தின் தனிக்கணக்கில் லாபம் போதவில்லை. மேல்நிலை நிர்வாகிகளின் ஊதியத் தீர்மானங்களைப் பங்குதாரர்கள் நிராகரித்தார்கள். நிறுவனம் அவற்றை மீண்டும் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்துதான் ஒப்புதல் பெற்றது.

கொடுத்து முடித்த சம்பளம் ஆண்டறிக்கையில் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும்: இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்பு, நிறுவன ஆளுகை அறிக்கை, நிதிநிலைக் குறிப்புகளில் தொடர்புடைய தரப்பினர் பற்றிய பகுதி. மூன்று தொகைகளும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். பணிக்கொடையும் விடுப்புக்கான தொகையும் நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து மதிப்பிடப்படுவதால் இங்கே சேர்க்கப்படவில்லை என்ற அடிக்குறிப்பு பெரும்பாலும் இருக்கும். பங்கு ஒதுக்கீட்டுத் திட்டமான ஈசாப்பின் மதிப்பை, நிர்வாகி அந்த உரிமையைப் பயன்படுத்திய ஆண்டில் மட்டும் காட்டுவதும் உண்டு. எச்சிஎல் டெக்னாலஜீஸ் தலைமைச் செயல் அதிகாரி சி. விஜயகுமார் 2021-22இல் பெற்ற சுமார் 123 கோடி ரூபாய் பெரிய செய்தியானது. அது அமெரிக்கத் துணை நிறுவனம் வழியாக வந்த தொகை. அதன் பெரும்பகுதி, முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கான நீண்டகால ஊக்கத்தொகை. ஓராண்டுத் தொகையை மட்டும் வைத்துக் கோபப்படுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு. குறைந்தது நான்கைந்து ஆண்டு அறிக்கைகளை அடுக்கிப் பாருங்கள்.

இடைநிலை ஊழியரின் ஊதியத்தைப் போல இயக்குநரின் ஊதியம் எத்தனை மடங்கு என்பதையும் வெளியிட்டாக வேண்டும். ஊழியர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரே இடைநிலை ஊழியர். ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்கள் பொதுவாக நிரந்தர ஊழியர்கள் மட்டுமே. தொழிற்சாலையில் பாதிப்பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்றால், மடங்கு உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். இதை நான் பெரிய குறையாகப் பார்க்கிறேன்.

அதிகச் சம்பளம் பெறும் முதல் பத்து ஊழியர்களின் பட்டியல் என்று ஒன்றும் உண்டு. அதை அறிக்கையோடு அனுப்பாமல், வேண்டுவோர் கம்பெனி செயலருக்கு எழுதிப் பெறலாம் என்று குறிப்பிட்டுவிடுவது பரவலான வழக்கம். எழுதிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நான் பணிபுரிந்த ஒரு நடுத்தர நிறுவனத்தில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் கேட்டார். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் எந்த இயக்குநருக்காவது உறவினரா என்பதையும் அதில் சொல்ல வேண்டும். புரமோட்டரின் நெருங்கிய உறவினர்கள் இருவர் அதில் இருந்ததைப் பார்த்துவிட்டு, பொதுக்கூட்டத்தில் எழுந்து அவர்களுக்கு என்ன வேலை, என்ன தகுதி என்று பணிவாகக் கேட்டார். தலைவர் எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கேள்வி கேட்டவரிடம் இருந்த பங்குகள் மிகச் சொற்பம்.

இப்போது வாக்குக்கு வருகிறேன். சிறப்புத் தீர்மானம் நிறைவேற, எதிர்ப்பு வாக்குகளைப்போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். கணக்கு, பதிவான வாக்குகளை மட்டுமே வைத்து. புரமோட்டரிடம் 60 சதவீதப் பங்குகள், பொதுமக்களிடம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பொதுமக்கள் தரப்பில், மொத்தப் பங்குகளில் 15 சதவீதம் வைத்திருப்பவர்கள் மட்டும் வாக்களித்து, அத்தனை பேரும் எதிர்த்தாலும், 75இல் 60 ஆதரவு. அதாவது 80 சதவீதம், தீர்மானம் நிறைவேறிவிடும். 21 சதவீதம் வைத்திருப்பவர்கள் எதிர்த்திருந்தால் தோற்றிருக்கும். வாக்களிக்காமல் இருப்பவர் நடுநிலை வகிக்கவில்லை, புரமோட்டருக்கு உதவுகிறார். புரமோட்டர் தன் சம்பளத்துக்குத் தானே வாக்களிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தீர்மானம் தோற்பது நிறுவனங்களை அசைக்கிறது. அப்போலோ டயர்ஸ் நிர்வாக இயக்குநர் நீரஜ் கன்வரின் மறுநியமனத்தைப் பங்குதாரர்கள் 2018இல் நிராகரித்தபின், புரமோட்டர்கள் 30 சதவீத ஊதியக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். 2021இல் ஐஷர் மோட்டார்ஸின் சித்தார்த்த லாலுக்கான தீர்மானம் 75 சதவீத ஆதரவை எட்டவில்லை. ஊதிய உச்சவரம்பை லாபத்தில் 1.5 சதவீதமாக வைத்து, திரும்பவும் பங்குதாரர்களிடம் வந்தார்கள்.

வாக்களிக்க நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணி வரை, குறைந்தது மூன்று நாள் இ-வோட்டிங் திறந்திருக்கும். டிமேட் கணக்கு மூலம், பங்குகளை மின்னணு வடிவில் பாதுகாக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அமைப்பின் தளத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிவுகளை நிறுவனம் இரண்டு வேலை நாட்களுக்குள் பங்குச் சந்தைக்குத் தர வேண்டும். புரமோட்டர்கள், நிதி நிறுவனங்கள், மற்ற பொதுமக்கள் என்று தனித்தனியாக அதில் பிரித்திருப்பார்கள். நிதி நிறுவனங்கள் பெருமளவில் எதிர்த்தும் ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தால், அந்தப் பங்கை வைத்திருப்பவர் யோசிக்க வேண்டும். நேரடியாகப் பங்கு இல்லாமல் மியூச்சுவல் ஃபண்டில் மட்டும் முதலீடு செய்திருந்தால், உங்களுக்காக வாக்களிப்பது ஃபண்ட் நிறுவனம். வாக்களிப்பதை செபி இப்போது கட்டாயமாக்கியிருக்கிறது. ஒவ்வொரு தீர்மானத்தையும் ஆதரித்தார்களா, எதிர்த்தார்களா, ஏன் என்பதை அவர்கள் தங்கள் இணையதளத்தில் காலாண்டுதோறும் வெளியிடுகிறார்கள்.