காய்ந்த ரத்தப் பொட்டு சொல்லும் சேதி

ஃபினைல்கீட்டோனூரியா என்ற மரபுவழிக் குறைபாடு உள்ள குழந்தை, பிறக்கும்போது மற்றக் குழந்தைகளைப் போலவேதான் இருக்கும். எடை சரியாக இருக்கும், நன்றாக அழும், பால் குடிக்கும். கருவில் இருந்தவரை அதன் ரத்தத்தைத் தாயின் கல்லீரல்தான் சுத்தம் செய்து வந்தது. குழந்தையால் மாற்ற முடியாத ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் நஞ்சுக்கொடி வழியே தாயிடம் போய், அங்கே டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாறிவிடும். தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வழி அடைபடுகிறது. அதன்பின் குடிக்கிற பாலின் புரதமும், குழந்தையின் உடல் தானே உடைக்கிற புரதமும் சேர்ந்து ஃபினைல்அலனினை ரத்தத்தில் குவிக்கத் தொடங்கும். வளர்ச்சி பின்தங்குவது பெற்றோர் கண்ணில் படச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் மூளைக்கு நேர்ந்த சேதத்தைத் திருப்ப முடியாது.

ஆகவே குதிகாலில் ரத்தம் எடுத்துக் குழந்தையைச் சோதிக்கவேண்டிய நேரம், ரத்தத்தில் மாற்றம் தொடங்கிவிட்ட, ஆனால் உடம்பில் எதுவும் தெரியாத அந்த இடைவெளி. பிறந்து 48 மணி முதல் 72 மணிக்குள் என்று சொல்வது இதனால்தான். தொப்புள்கொடி ரத்தத்தில் அமினோ அமிலங்களைப் பார்த்துப் பயனில்லை. அது தாய் சுத்தம் செய்து கொடுத்த ரத்தம். 24 மணி ஆகுமுன் எடுத்தால் அளவு இன்னும் ஏறியிருக்காது, நோயுள்ள குழந்தைக்கும் ‘சரி’ என்று முடிவு வரக்கூடும். சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள் என்று 20 மணியிலேயே குத்தி எடுத்திருந்தால், சில நாளில் இன்னொரு முறை எடுத்தே ஆகவேண்டும்.

இந்த நோயை 1934இல் நார்வேயில் ஆஸ்பியோன் ஃபோலிங் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளோடு ஒரு தாய் அவரிடம் வந்தார். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடை விட்டபோது அது பச்சையாக மாறியது. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கலும் உடன் பணியாற்றியவர்களும் ஃபினைல்அலனின் குறைத்த உணவால் பலன் உண்டு என்று காட்டினார்கள். மருந்து கிடைத்தது போலத்தான். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை. சிறுநீர் பச்சையாவதற்குக் காத்திருந்தால் வாரங்கள் ஓடிவிடும்.

வழி திறந்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. 1960களின் தொடக்கத்தில் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. ஒரு பாக்டீரியாவை வளரவிடாமல் தடுக்கும் பொருளை அகர் கூழில் கலந்து வைத்தார். ஃபினைல்அலனின் நிறைய கிடைத்தால் அந்தத் தடையை மீறி பாக்டீரியா வளரும். குழந்தையின் ரத்தம் காய்ந்த தாள் வில்லையைக் கூழின் மேல் வைத்து ஓர் இரவு விட்டால், அளவு மிகுந்த வில்லையைச் சுற்றி வெண்மையாக ஒரு வளையம் தெரியும். இந்தப் பாக்டீரியாச் சோதனை இன்று அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. அவர் ரத்தத்தை வடிதாளில் ஊறவைத்துக் காயவைத்துத் தபாலில் அனுப்பினாரே, அது இன்றுவரை நிற்கிறது. பெரிய கருவியை விட அந்தத் தாள்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பது எங்கள் எண்ணம்.

பரிசோதனை தோற்பதும் பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, குழந்தையின் குதிகாலில்தான். அதனால் அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

குத்தவேண்டிய இடம் குதிகாலின் அடிப்பக்கத்தில் உள் ஓரமும் வெளி ஓரமும். நடுப்பகுதியிலும் பின்வளைவிலும் குத்தக் கூடாது; அங்கே எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. இதே காரணத்தால் லான்செட் என்ற குத்தும் ஊசி 2 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. முதலில் வெதுவெதுப்பான ஈரத்துணியால் காலை மூன்று முதல் ஐந்து நிமிடம் சுற்றி வைப்பார்கள். சூடு 42 டிகிரியைத் தாண்டக் கூடாது. கால் இதயத்தை விடத் தாழ்வாக இருக்கட்டும். 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்தபின் தானாக உலர விடவேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் ரத்தம் நீர்த்துப் போகும். குத்தியதும் வரும் முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும், அதில் திசுநீர் கலந்திருக்கும். அடுத்த சொட்டு நன்றாகத் திரண்டு தொங்கும்வரை பொறுத்திருந்து, தாளை அதில் மெல்லத் தொடவைத்தால், அதில் அச்சிட்ட வட்டம் முழுக்க ஒரே தடவையில் ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். திருப்பிப் பார்த்தால் மறுபக்கமும் அதே அளவுக்குச் சிவந்திருக்க வேண்டும்.

அவசரத்தில் செய்யும் தவறுகள் எல்லாம் இங்கேதான். சொட்டு சிறிதாக இருந்தது என்று அதே வட்டத்தில் இரண்டாவது சொட்டை வைத்தால் ரத்தம் அடுக்கடுக்காகப் படியும், அளவு கூடிக் காட்டும். குதிகாலைப் பிழிந்தால் சிவப்பணுக்கள் உடையும், திசுநீரும் கலக்கும். காயுமுன் உறையில் போட்டால் பொட்டைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். நிழலில், தட்டையாக, எதன்மீதும் படாமல், அறை வெப்பத்தில் குறைந்தது மூன்று மணி நேரம் தாள் காயவேண்டும். ஹேர் டிரையரும் வேண்டாம், சன்னலோர வெயிலும் வேண்டாம். ஃபினைல்அலனின் ஓரளவு தாங்கிவிடும். ஆனால் வேறு நோய்களுக்காகப் பார்க்கும் நொதிகளான பயோட்டினிடேஸ், ஜி6பிடி, கேலக்டோசீமியாவுக்குப் பார்க்கும் நொதி ஆகியவை வெப்பத்திலும் ஈரத்திலும் செத்துவிடும். நொதி செத்த தாள், நொதியே இல்லாத குழந்தையின் தாள் போலத் தெரியும். சென்னையின் புழுக்கத்தில் நனைந்த தாளை மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆய்வகத்தில் அந்தப் பொட்டிலிருந்து 3.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லை ஒன்றைக் குத்தி எடுப்பார்கள். அதில் இருப்பது மூன்று மைக்ரோலிட்டர் ரத்தம், அதாவது ஒரு சொட்டில் ஒரு சிறு பங்கு. மெத்தனால் ஊற்றி அதிலுள்ள அமினோ அமிலங்களையும், கொழுப்பு அமிலங்களைச் சுமக்கும் அசைல்கார்னிட்டின்களையும் கரைத்தெடுப்பார்கள். அந்த மெத்தனாலிலேயே, அதே பொருட்களின் சற்றுக் கனமான இரட்டைகள் தெரிந்த அளவில் கலந்திருக்கும். சாதாரண ஃபினைல்அலனின் கருவியில் 166 என்ற நிறையில் தெரியும். ஐந்து ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனை ஏற்றிய அதன் இரட்டை 171இல் தெரியும். இரண்டின் உயரத்தையும் ஒப்பிட்டாலே ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்காகிவிடும்.

டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பது அடுத்தடுத்து வைத்த இரண்டு தராசுகளைப் போல வேலை செய்யும் கருவி. முதல் அறை மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரிக்கும். நடு அறையில் அவை வாயு மூலக்கூறுகளோடு மோதி உடையும். கடைசி அறை உடைந்த துண்டை எடைபோடும். 166 நிறையில் நுழைந்த ஃபினைல்அலனின் 120ஆக வெளிவரும். அசைல்கார்னிட்டின்கள் எதுவானாலும் 85 நிறையுள்ள துண்டை விடும். அந்த 85ஐ யார் யார் தந்தார்கள் என்று கேட்டாலே முழுக் குடும்பமும் வரிசையில் நிற்கும். எட்டுக் கரிமம் உள்ள சி8 உயர்ந்திருந்தால், நடுத்தர நீளக் கொழுப்பைப் பட்டினி நேரத்தில் எரிக்க முடியாத எம்சிஏடி குறைபாட்டைச் சந்தேகிப்போம். சி3 உயர்ந்தால் புரோப்பியானிக் அல்லது மீத்தைல்மலானிக் அமிலக் கோளாறு. ஒரு வில்லைக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் பல பத்து நோய்களுக்கான குறிகளும் கிடைத்துவிடும். முன்பு ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சோதனை தேவைப்பட்டது.

எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், அதனால் விகிதத்தையும் பார்ப்போம். நோயுள்ள குழந்தையிடம் ஃபினைல்அலனின் ஏறும், டைரோசின் ஏறாது. நரம்பு வழியே அமினோ அமிலக் கரைசல் ஏறிக்கொண்டிருக்கும் குறைமாதக் குழந்தையிடமோ பல அமினோ அமிலங்களும் சேர்ந்து உயரும். லியூசின், ஐசோலியூசின், அலோஐசோலியூசின், ஹைட்ராக்சிபுரோலின் ஆகிய நான்குக்கும் நிறை ஒன்றே என்பதால் கருவி அவற்றைப் பிரிக்காது. லியூசின் போன்ற அமினோ அமிலங்களை உடைக்க முடியாத மேப்பிள் சிரப் நோய் என்று சந்தேகம் வந்தால், வேறு முறையில் அலோஐசோலியூசினைத் தனியாகப் பார்த்தே உறுதி செய்யவேண்டும்.

இந்த மேப்பிள் சிரப் நோய் பற்றி நம் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அந்த நோயில் சிறுநீரில் கருகிய சர்க்கரை போன்ற இனிப்பு வாசனை வரும். அதற்குக் காரணமான சோட்டோலோன் என்ற பொருளே வெந்தயத்தின் வாசனைக்கும் காரணம். கர்ப்பிணி வெந்தயம் சாப்பிட்டதால் பிறந்த குழந்தையிடம் அதே மணம் வந்து, நோயோ என்று மருத்துவர்கள் ஐயப்பட்ட நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. வெந்தயக் களி சாப்பிட்ட தாயின் பிள்ளையிடம் இந்த மணம் வந்தால் பதற வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் சொல்லாமலும் இருக்க வேண்டாம். அந்தக் குழந்தை சோர்ந்து பால் குடிக்காமல் கிடந்தால் தாளின் முடிவுக்குக் காத்திருக்கவே கூடாது. மேப்பிள் சிரப் நோயும், அம்மோனியாவை அகற்ற முடியாத யூரியா சுழற்சிக் கோளாறுகளும் முடிவு வருமுன்னே குழந்தையைச் சாய்த்துவிடும்.

இந்தியாவில் இத்தகைய சோதனைகளில் அதிகம் பயன்தருவது பிறவித் தைராய்டு குறைபாட்டுக்கானது. அது இங்கே ஏறத்தாழ ஆயிரம் குழந்தைக்கு ஒன்று, ஐரோப்பியர்களிடம் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் ஃபினைல்கீட்டோனூரியாவை விடப் பல மடங்கு அதிகம். இதற்கு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவைப் பார்ப்பார்கள். இங்கேயும் மணிக்கணக்குதான் வில்லங்கம். பிறந்த அரைமணிக்குள் எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச். 60, 80 என்று எகிறி, பிறகு இரண்டு நாளில் இறங்கும். முதல் நாளே எடுத்தால் நல்ல குழந்தைகளுக்கும் ‘மறுபடி வாருங்கள்’ என்று கடிதம் போகும். ரத்தம் எடுத்த நேரத்தை அட்டையில் எழுதாமல் விட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ரத்தம் ஏற்றும் குழந்தை என்றால் ஏற்றுமுன் எடுத்துவிட வேண்டும். ஏற்றியபின் பார்ப்பது நன்கொடையாளரின் நொதியைத்தான்.

நாடு தழுவிய கட்டாயத் திட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை. கோவா 2008இல் தொடங்கியது, கேரளத்திலும் அரசு மருத்துவமனைகளில் இது நடக்கிறது. தமிழ்நாட்டுக்கு இதன் தேவை கூடுதல். நொதிக் குறைபாடுகளில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் அந்த இரண்டும் ஒன்றுசேரும் வாய்ப்பு அதிகம். முந்தைய குழந்தை காரணம் தெரியாமல் முதல் வாரத்தில் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லவேண்டும்.

ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தால் நோய் உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வடிகட்டியில் சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான். மறுசோதனையை அன்றே செய்யவேண்டும், அடுத்த வாரம் என்று தள்ளக் கூடாது. தைராய்டு குறைபாடு உறுதியானால் லெவோதைராக்சின் மாத்திரை, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம், இரண்டு வாரம் முடியுமுன் தொடங்க வேண்டும். மாத்திரையைப் பொடித்து, கரண்டியில் சில சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்து, தினம் ஒரே நேரத்தில் கொடுப்பார்கள். இரும்புச் சத்து, கால்சிய மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் உறிஞ்சப்படுவது குறைந்துவிடும். பால் புட்டியில் கலந்து, குழந்தை பாதியில் விட்டுவிட்டால், எத்தனை மைக்ரோகிராம் உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.