வாட்ஸ்அப்பில் வந்த கமாண்டை வாசிக்காமல் ஓட்டாதீர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அரிசி ஆலைகளிலும் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கே சின்ன நிறுவனங்களில் கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் இருப்பது அபூர்வம். கணக்கு எழுதும் தம்பியே சர்வரையும் கவனிப்பார். சாஃப்ட்வேர் விற்றவர் கொச்சியிலோ கோவையிலோ இருப்பார். ஏதாவது நின்றுபோனால் அவர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி கமாண்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை, அனுப்புவார், தம்பி அதை ஒட்டி என்டர் தட்டுவார். பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அதனாலேயே அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை.

ஓர் ஆலையில் பில் பிரிண்டர் நின்றுவிட்டது. விற்றவர் போனை எடுக்கவில்லை. இணையத்தில் தேடிக் கிடைத்த நீளமான ஒரு வரியை, முழு நிர்வாக உரிமை தரும் சூடோவை முன்னால் போட்டே ஓட்டிவிட்டார் அங்கிருந்த தம்பி. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்: "அண்ணா, பிரிண்டர் ஓடுதுங்க, ஆனா சர்வர் ரொம்ப இழுக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். வரியின் முதல் பாதி பிரிண்டர் சர்வீஸை மறுபடி தொடங்கும் உண்மையான கமாண்ட். அதன் வாலில் பேஸ்64 என்ற முறையில் படிக்க முடியாத எழுத்துகளாக மாற்றிய ஒரு துண்டும், அதைப் பிரித்து, கமாண்டுகளை ஓட்டும் பாஷ் புரோகிராமுக்குள் நேராகத் தள்ளும் பைப் குறியும் (|) இருந்தன. எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்குக்குள், தூரத்திலிருந்து இணையும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய யாரோ ஒருவருடைய டிஜிட்டல் சாவியை அது சேர்த்திருந்தது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஒரு பதிவு போட்டிருந்தது. கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராம் ஒன்றையும் ஓடவிட்டிருந்தது. அந்தச் சாவியை மட்டும் எடுத்தால் போதாதா என்று முதலாளி கேட்டார். போதாது. ரூட் உரிமையோடு ஓடிய ஒன்று வேறெங்கே எதை வைத்துவிட்டுப் போனது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டிஸ்க்கை அழித்து, பழைய பேக்கப்பை வைத்துப் புதிதாக நிறுவினோம்.

பிரிண்டரைச் சரிசெய்யும் கமாண்டுக்கு எதையும் மறைத்து எழுதவேண்டிய அவசியம் இல்லை. படிக்க முடியாத துண்டு ஒன்று இருந்தாலே அந்த வரியை விட்டுவிடுங்கள்.

இதைவிடப் பரவலான பழக்கம், ஸ்கிரிப்டை, அதாவது கமாண்டுகள் அடங்கிய கோப்பை, கர்ல் என்ற கமாண்டால் இணையத்திலிருந்து இறக்கி, அதே வரியில் பாஷுக்குப் பைப் செய்வது. நல்ல சாஃப்ட்வேர் திட்டங்கள்கூட இப்படித்தான் நிறுவச் சொல்கின்றன. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நடுவில் நெட் அறுந்தால் பாதி ஸ்கிரிப்ட் ஓடி நின்றுவிடலாம். எது ஓடியது என்று பார்க்கக் கோப்பும் மிஞ்சாது. பிரவுசரில் திறந்து படித்துவிட்டேன் என்பதும் பாதுகாப்பில்லை. பைப்புக்குள் போகிறது என்று கண்டுபிடித்து வேறு ஸ்கிரிப்டை அனுப்ப சர்வரால் முடியும். கோட்கவ் நிறுவனத்தின் பாஷ் அப்லோடர் என்ற ஸ்கிரிப்டை 2021 ஜனவரி கடைசியில் யாரோ திருத்திவிட்டார்கள். அதை ஓட்டியவர்களின் ரகசியச் சாவிகள் வெளியே போய்க்கொண்டிருந்தன. ஏப்ரலில்தான் தெரிந்தது, அதுவும் ஒரு வாடிக்கையாளர் இறக்கிய கோப்பின் செக்சம்மை (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புக் குறியீடு) ஒப்பிட்டுப் பார்த்ததால். ஆகவே முதலில் கோப்பாக இறக்குங்கள், லெஸ் என்ற கமாண்டால் திறந்து வாசியுங்கள், செக்சம் கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். அப்புறம் ஓட்டலாம்.

கெட்ட எண்ணம் இல்லாத கமாண்டும் அழிக்கும். 2011-இல் பம்பிள்பீ என்ற புரோகிராமின் ஸ்கிரிப்டில் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்து, புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆர் டைரக்டரி முழுவதையும் அழித்தது. 2015-இல் ஸ்டீம் என்ற கேம் புரோகிராமின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் டைரக்டரியின் பெயரை வைத்திருக்கவேண்டிய வேரியபிள் காலியாகிப்போக, கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கமாண்ட் ரூட் ஸ்லாஷிலிருந்தே (/), அதாவது எல்லா டைரக்டரிகளுக்கும் மேலிருந்தே, அழிக்கத் தொடங்கியது. நம் ஊர்களில் கமாண்ட் போனில் வாய்வழியாக வருகிறது. மலையாளத்தில் ஒருவர் சொல்ல, தமிழில் கேட்டு இன்னொருவர் தட்டுகிறார். ஸ்பேஸ் எங்கே என்று இருவருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பிலும் இதே சிக்கல்தான்: இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே வரும் எழுத்து தடிமனாகிக் குறிகள் கண்ணில் படாமல் போகும். சில போன் கீபோர்டுகள் இரட்டைச் சிறுகோட்டை (--) ஒற்றை நீளக் கோடாக (—) மாற்றிவிடும். அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: டெக்ஸ்ட் ஃபைலாக அனுப்புங்கள்.

வெப்சைட்டில் காப்பி செய்தால், கண்ணில் பட்டது ஒன்றும் ஒட்டுவது வேறொன்றுமாக இருக்கலாம். முதலில் டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். விண்டோஸில், "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்" என்று சொல்லி கமாண்ட் ஓட்டும் ரன் பெட்டியைத் திறந்து ஒட்டச் சொல்லும் பக்கங்கள் 2024 முதல் பெருகிவிட்டன. எந்த உண்மையான கேப்சாவும் அப்படிக் கேட்காது. ஏஐ சாட்பாட் தரும் கமாண்டையும் இதே கண்ணோடு பாருங்கள்.

வாசிக்கும்போது முதலில் சூடோ இருக்கிறதா, உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். பிறகு எதை அழிக்கிறது, எந்தக் கோப்பில் எழுதுகிறது, எந்த முகவரிக்குப் போகிறது. புரியாத சொல்லுக்கு, மேன் கமாண்டால் திறக்கும் விளக்கப் பக்கம் இருக்கிறது. ஸ்கிரிப்டாக இருந்தால், பிழை காட்டும் ஷெல்செக் புரோகிராமில் போட்டுப் பாருங்கள், காலி வேரியபிள் ஆபத்தை அது எச்சரிக்கும்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? சரி, முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பேங்க் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பயந்துபோய், ஓட்டிய கமாண்டுகளின் பதிவான ஹிஸ்டரியை மட்டும் அழித்துவிடாதீர்கள்; நீங்கள் ஓட்டிய வரி அதில் இருந்தால்தான் என்ன நடந்தது என்று எங்களால் தேட முடியும்.