எடுக்கப்படாத பால் பாக்கெட்

ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டி.டி.பி. கடை. பாடலீஸ்வரர் கோயிலில் நடக்கவிருந்த கல்யாணத்துக்கு அழைப்பிதழ் தயாராகிக்கொண்டிருந்தது. பெண்ணின் தாய்மாமன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்; அவர் பெயருக்கு முன்னால் 'திரு' விடுபட்டிருந்தது. அதைச் சேர்க்கக் கடைக்கார அக்கா கோப்பைத் திறந்ததும் திரையில் அந்த மென்பொருளின் ஜன்னல் வெளுத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தது. மென்பொருளை வலுக்கட்டாயமாக முடிக்கும் எண்ட் டாஸ்க் கொடுத்து மறுபடி திறந்தார். மறுபடி வெளுத்தது. கணினியையே அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டார், பலன் இல்லை. ஜெராக்ஸ் எடுக்கப் போன நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு மென்பொருள் பதில் தரவில்லை என்று விண்டோஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாடி பிடித்துப் பார்ப்பதில்லை. கேட்டில் மாட்டியிருக்கும் பையை மட்டும் பார்க்கிறது. விடியற்காலையில் போட்ட பால் பாக்கெட் சாயங்காலம் வரை பையிலேயே கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வருமல்லவா, அதே கதைதான். மவுஸைச் சொடுக்கினாலும், விசையை அழுத்தினாலும், மேலே இருந்த இன்னொரு ஜன்னல் விலகி இதைத் திரும்ப வரைய வேண்டியிருந்தாலும், ஒவ்வொன்றும் ஒரு செய்தியாக அந்த ஜன்னலின் வரிசையில் வந்து சேர்கிறது. மென்பொருளுக்குள் ஜன்னலைக் கவனிக்கவென்று ஓர் இழை, அதாவது வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஓர் ஓட்டம் (த்ரெட்), இருக்கும். ஒரு செய்தியை எடுத்து, அதற்குரிய வேலையை முடித்து, அடுத்ததை எடுக்க வருவதுதான் அதன் பிழைப்பு. 5 விநாடிகளாக அது வரிசைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்றால் விண்டோஸ் அந்த ஜன்னலைத் தொங்கிப்போனதாகக் கணக்கில் எழுதிவிடும். உள்ளே ஆள் மயங்கிக் கிடக்கிறாரா, மாடியில் துணி உலர்த்துகிறாரா என்பது தெருவில் நிற்பவருக்குத் தெரியாது.

அந்த வெளுப்பும் ஒரு வேடிக்கை. நாம் பார்ப்பது மென்பொருளின் ஜன்னலே அல்ல. அதே இடத்தில், அதே அளவில், அதன் கடைசித் தோற்றத்தைப் பூசிக்கொண்டு விண்டோஸ் நிறுத்திவைக்கும் ஒரு போலி ஜன்னல். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. காரணம் எளிது. மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைச் சொடுக்கினால் அதுவும் ஒரு செய்தியாகத்தான் அதே வரிசையில் விழும். எடுக்க ஆளில்லாத பைக்குள் இன்னொரு பாக்கெட். போலி ஜன்னலை விண்டோஸே கவனித்துக்கொள்வதால் அதை நகர்த்தலாம், மூடவும் கேட்கலாம்.

மூடச் சொன்னால் 'காத்திருக்கவா, முடித்துவிடவா' என்று நம்மையே திருப்பிக் கேட்கும். எனக்கும் ஒரு காலத்தில் இது எரிச்சலாக இருந்தது; இயந்திரத்துக்குத் தெரியாதா என்று. தெரியாதுதான். எந்த நிரலை எடுத்துக்கொண்டாலும் அது எப்போதாவது ஓடி முடியுமா, முடியவே முடியாதா என்று சொல்லிவிடும் பொதுவான வழிமுறை கிடையாது என்பதைக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936இல், மேசைக் கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, கணிதமாக நிறுவிவிட்டார். ஆகவே விண்டோஸ் 5 விநாடி என்று ஒரு கெடு வைத்துக்கொண்டு, தீர்ப்பை நம் தலையில் கட்டுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் நோம் (GNOME) மேசைத்தளமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. மேக்கில் வண்ணச் சக்கரம் சுழலும்.

தீர்ப்புச் சொல்லும் முன் சாட்சியை விசாரிக்கலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் செயலி எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று காட்டும் சிபியு என்ற பத்தியைப் பாருங்கள். நான்கு கருக்கள் (கோர்) கொண்ட செயலியில் ஒரே இழை மூச்சுவிடாமல் உழைத்தால் கணக்கு 25ஐ ஒட்டி நிற்கும். எட்டு இழைகளைத் தாங்கும் செயலி என்றால் 12 அல்லது 13. ஆள் உள்ளே இருக்கிறார், பெரிய வேலையில் இருக்கிறார், அல்லது செக்குமாடு போலச் சுற்றுகிறார் என்று பொருள். பெரிய படம் சேமிக்கப்படும் நேரமாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வருவது உத்தமம். எண்ட் டாஸ்க் கொடுத்தால் சேமிக்காதது போனது போனதுதான். கோபத்தில் பத்து முறை சொடுக்குவதும் ஆபத்து. முதல் சில விநாடிகளில் அடித்த சொடுக்குகள் வரிசையில் காத்திருந்து, ஜன்னல் விழித்ததும் ஒவ்வொன்றாக நடந்தேறலாம்.

சிபியு குறைவாக இருக்க, வட்டு (டிஸ்க்) மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் கணினி நினைவகம் போதாமல் வட்டோடு மல்லாடிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் மற்ற மென்பொருள்களை மூடினால் மூச்சு வரும். எல்லாமே உறைந்தது போலிருந்தால் நம்லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறி எரிந்தால் உயிர் இருக்கிறது.

அக்காவின் கணினியில் சிபியு 0. வட்டும் சும்மா இருந்தது. இது உழைப்பு அல்ல, காத்திருப்பு. யாருக்காக?

கடைக்குள் கண்ணை ஓட்டினேன். பிரிண்டர் பின்னறையில், இன்னொரு கணினியோடு இணைக்கப்பட்டிருந்தது. காலை மின்தடையில் அணைந்த அந்தக் கணினியை யாரும் திரும்பப் போடவில்லை. இந்தக் கணினியின் இயல்பு பிரிண்டர், அதாவது வேறு சொல்லாவிட்டால் தானாகத் தேர்வாகும் பிரிண்டர், அந்தப் பின்னறைப் பிரிண்டர்தான். அச்சுக்கான மென்பொருள்கள் பலவும் கோப்பைத் திறக்கும்போதே இயல்பு பிரிண்டரிடம் தாள் அளவையும் ஓரத்தில் விடவேண்டிய இடத்தையும் விசாரிக்கும். பதில் சொல்ல வேண்டியவர் தூங்குகிறார். கேள்வி வலையமைப்பில் நிற்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டது ஜன்னலைக் கவனிக்கும் அதே இழை என்றால், பையை எடுக்க யார் வருவார்? இத்தகைய கேள்வியை வேறோர் இழையிடம் ஒப்படைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த மென்பொருளை எழுதியவர் மேசையில் பிரிண்டர் எப்போதும் விழித்திருந்திருக்கும்.

அமைப்புகளில் பிரிண்டர் பகுதிக்குப் போய், பிடிஎஃப் கோப்பாக அச்சிடும் பிரிண்டரை இயல்பாக மாற்றினோம். இயல்பு பிரிண்டரை விண்டோஸே தேர்ந்துகொள்ளட்டும் என்ற குறியையும் எடுத்துவிட்டோம். அது இருந்தால் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டருக்கே திரும்பிவிடும். கோப்பு சட்டென்று திறந்தது. அக்கா 'திரு'வைச் சேர்த்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். தாய்மாமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார், தலையாட்டினார், பிறகு தன் தம்பியின் பெயரில் விரலை வைத்தார். அங்கேயும் 'திரு' இல்லை.