தோலில் பொறிப்பதா, சருமத்தில் செதுக்குவதா?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் தீபாவளிச் சந்தையில் ஒரு சின்னக் கடை. தோலில் செய்த காதணி, பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து வார், சுவேட் என்ற ஒரு வகைத் தோலில் தைத்த கைப்பை. பெயரைச் சொல்லிப் பணம் கட்டினால், பொருளில் அந்தப் பெயரை லேசரில் போட்டு இரண்டு நாளில் தருகிறார் கடைக்காரப் பெண். மேலே தொங்கிய பதாகையில் கொட்டை எழுத்தில் 'லேசர் சருமச் செதுக்கல்' என்றிருந்தது. நான் அங்கே நின்ற பத்து நிமிடத்துக்குள் ஓர் அம்மா வந்து, "முகத்துல இருக்கிற மங்கு போகுமா பிள்ளை, எத்தனை தடவை வரணும்?" என்று கேட்டார்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சருமம், லேசர் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் இன்றைக்குத் தமிழ் படிக்கிற யாருக்கும் அழகு மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். "அது நான் எழுதலண்ணே. வகுப்புல குடுத்த தாள்ல அப்படித்தான் இருந்துச்சு" என்றார். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு எங்கோ நடத்திய இரண்டு நாள் பயிற்சி. மலாயில் எழுதிய குறிப்பைத் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதே தொடரை நான் பார்ப்பது அது மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சருமம். மலாயில் 'கூலிட்' என்றால் உடம்பின் தோல், மாட்டுத்தோல், பழத்தோல், மரப்பட்டை, புத்தக அட்டை எல்லாம்தான். அகராதியைத் திறந்த மொழிபெயர்ப்பாளர் கண்ணில் முதலில் பட்ட பொருளை எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. வடமொழியில் சர்மம் என்பது விலங்கின் தோலையும் குறிக்கும், உண்மைதான். ஆனால் தமிழில் இன்று சருமம் என்றால் உயிருள்ள உடம்பின் மேல் இருப்பது மட்டுமே. பை தைக்கிற பொருளுக்குத் தோல் என்றுதான் எப்போதும் பெயர். தோற்பை, தோற்கருவி, தோற்பாவை என்று எத்தனை சொற்கள் இருக்கின்றன! இதில் வாதிட ஒன்றுமில்லை.

லேசர் என்ற பெயரும் ஒரு சுருக்கம்தான். தூண்டப்பட்ட கதிர் உமிழ்வால் ஒளியைப் பெருக்குதல் என்ற நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, 1957-இல் கார்டன் கூல்ட் தம் குறிப்பேட்டில் எழுதிய சொல். 1960-இல் தியடோர் மைமன் முதல் லேசரை மாணிக்கக் கல்லைக் கொண்டு இயக்கிக் காட்டினார். தமிழில் சீரொளி என்கிறார்கள். அலைகள் சீராக, ஒன்றோடொன்று அடி பிசகாமல் செல்லும் ஒளி என்பதால் அது நல்ல ஆக்கம்தான். பாடநூலில் இருக்கட்டும். கடையில் லேசர் என்றே சொல்லலாம், எனக்கு அதில் வருத்தமில்லை. லேசரா சீரொளியா என்று பெயர்ச்சொல்லுக்காக வருடக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள், பக்கத்திலேயே வினைச்சொல் தவறாக நிற்பதைக் கண்டுகொள்வதில்லை. என் வருத்தம் அதுதான்.

சரி, செதுக்கலுக்கு வருவோம்.

பொருளை வாங்க செந்தூலில் இருக்கும் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனேன். முன்னறையில் ஒரு மேசை அளவுக்கு இயந்திரம், புகை போக ஜன்னல் வழியே ஒரு குழாய். பழுப்புத் தோல் துண்டின் மேல் காகித டேப்பை ஒட்டி உள்ளே வைத்து மூடினார். ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. அது இடம் காட்டுவதற்கான விளக்கு. வேலை செய்கிற கதிர் கண்ணுக்குத் தெரியாது. கரியமில வாயு லேசர் அது, 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம், அகச்சிவப்பு. 1964-இல் பெல் ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடித்த குமார் பட்டேல் இந்தியாவில் பிறந்தவர். இந்த அலைநீளத்தைத் தோல், மரம், துணி போன்றவை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் இந்தத் தொழில் பெரும்பாலும் இந்த வகை லேசரை நம்பி இருக்கிறது. தலைப்பகுதி இடமும் வலமுமாக வரிவரியாக ஓடியது. மெல்லிய புகை, முடி பொசுங்கும் வாடை. முடியும் புரதம், தோலும் புரதம். வாடை ஒன்றாகத்தான் இருக்கும். முடிந்ததும் டேப்பை உரித்து, ஈரத்துணியால் கரியைத் துடைத்தார். அடர்பழுப்பில் என் மகள் பெயர். நகத்தால் தடவினால் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

இயந்திரத்தின் அடித்தட்டைப் பார்த்தேன். ஒரு சீவல், ஒரு துணுக்கு கிடையாது.

செதுக்கினால் செதிள் விழ வேண்டும். உளி வேண்டும், இல்லாவிட்டால் கத்தி, களைக்கொட்டு ஏதாவது வேண்டும். மரம் செதுக்குகிறோம், கல் செதுக்குகிறோம், புல் செதுக்குகிறோம். மூன்றிலும் ஒரு கூர்முனை பொருளின் மேல் இறங்கி, ஒரு பகுதியைப் பெயர்த்து எடுக்கிறது. லேசர் எதையும் தொடுவதில்லை. சுடுகிறது. சுட்ட இடத்தில் மேற்பரப்பு கருகுகிறது, கொஞ்சம் ஆவியாகிப் புகையாகப் போகிறது. அந்தப் பெண்ணே சொன்னார்: "நான் எதையும் செதுக்கலையேண்ணே, சுடத்தானே செய்றேன்." அகராதி பார்க்காமல் கைப்பழக்கத்தில் வந்த தெளிவு.

இந்தச் செதுக்கல் எங்கிருந்து வந்தது? மலாய் 'உக்கிர்' என்பதிலிருந்துதான். கம்பத்து வீடுகளின், அதாவது மலாய்க் கிராமத்து வீடுகளின், மரச் சட்டங்களில் பூவும் கொடியுமாகக் குடைவார்களே, அந்த வேலைக்கான சொல் அது. மலாய்க்காரர்கள் லேசர் வேலைக்கும் அதையே நீட்டிக்கொண்டார்கள், அது அவர்கள் மொழியின் போக்கு. ஆங்கிலத்தின் 'எங்ரேவ்' கூடத் தோண்டுதல் என்ற பழைய பொருளில் கிளம்பியதுதான். அவர்கள் தோண்டுதலில் தொடங்கினார்கள் என்பதற்காக நாமும் மண்வெட்டியோடு நிற்க வேண்டியதில்லை. நம்மிடம் இந்த வேலைக்கென்றே வார்த்ததுபோல ஒரு சொல் இருக்கிறது.

பொறி. இதன் பொருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தீப்பொறி. அடையாளம், இலச்சினை, முத்திரை. உடம்பில் உள்ள புள்ளி. இயந்திரம். நெருப்பு, அடையாளம், இயந்திரம் என்று இந்த வேலையில் இருக்கிற மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது. பொறித்தல் என்றால் அழியாதபடி அடையாளமிடுதல். கரிகாலன் இமயத்தில் புலியைப் பொறித்தான் என்கிறோம், செப்பேட்டில் எழுத்தைப் பொறித்தார்கள் என்கிறோம். இதற்கும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் 'கோயிற் பொறியாலே ஒற்றுண்டு' என்று பாடுகிறார். காய்ச்சிய சக்கர முத்திரையைத் தோளில் ஒற்றிக்கொள்வதைச் சொல்கிறார். சூட்டால் தோலின் மேல் விழுகிற அடையாளத்துக்குப் பொறி என்பது, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நம்மிடம் இருக்கிற வழக்கு. இதை விட்டுவிட்டு உளியைத் தேடிப் போகிறார்கள்.

இதை ஒரு தமிழாசிரியரிடம் சொன்னபோது இரண்டு மறுப்பு சொன்னார். ஒன்று, 'பொறித்தல் அடிக்கல்லுக்கும் கல்வெட்டுக்கும் உரிய பெரிய சொல், சாவிக்கொத்துக்குப் பொருந்தாது.' இதை நான் ஏற்கவில்லை. திருமண மோதிரத்தில் பெயர் பொறிக்கிறோம், எவர்சில்வர் பாத்திரத்திலும் பெயர் பொறிக்கிறோம். பாட்டி வீட்டுக் குவளையின் அடியில் இருந்த புள்ளிப்புள்ளி எழுத்தை யாரும் பெரிய சொல்லால் குறிக்கிறோம் என்று தயங்கியதில்லை. இரண்டாவது மறுப்பு, 'இங்கே பலருக்கு ரகர றகரம் பிரியாது, கோழி பொரிப்பதாக நினைப்பார்கள்.' இது உண்மையான சிக்கல், நானும் அப்படி எழுதிய பதாகைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பொறியாளரை யாரும் சமையல்காரர் என்று எண்ணுவதில்லை. எழுத்துப் பிழைக்குப் பயந்து நல்ல சொல்லைக் கைவிட்டால், நாளைக்கு அறை, மறை, நிறை எதையுமே எழுத முடியாது. பிழையைத் திருத்தச் சொல்லிக் கொடுப்பதுதானே ஆசிரியர் வேலை?

சிலர் 'லேசர் அச்சு' என்கிறார்கள். அலுவலகத்தில் தாள் அச்சடிக்கிற இயந்திரத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. தவிர, அச்சு என்றால் மேலே மை ஏறுகிறது. இங்கே மையே கிடையாது.

தொழில் செய்கிறவர்கள் வினைச்சொல்லில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஆள் உண்டு. பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சீவுவது என்றுதான் சொல்வார், செதுக்குவது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பட்டையை மட்டும் மெல்லியதாக எடுக்க வேண்டும், கத்தி மரத்தில் படக்கூடாது. செதுக்கினால் மரம் கெட்டுவிடும். அவருக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் கை செய்வதை வாய் சரியாகச் சொன்னது.

இன்றைய மொழிபெயர்ப்பில் அதுதான் காணாமல் போய்விட்டது. அந்தப் பயிற்சித் தாளை வாங்கி முழுக்கப் படித்தேன். 'சருமச் செயலாக்கம்' என்று ஒரு தலைப்பு. தோலைப் பதனிடுதல் என்று ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் சின்னப் பிள்ளையும் சொல்லும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் லேசர் பழுப்பாக அழகாக விழும், குரோமியத்தில் பதனிட்டதில் சாம்பல் நிறமாகப் போய்விடும். இந்த வேறுபாடு தெரிந்தால்தான் வேலையே. 'செயலாக்கம்' என்ற சொல்லில் அது எங்கே தெரியும்?

சுவேட்டுக்கு அந்தத் தாளில் 'மெல்லிய தோல்'. இந்தப் பெண் அதை நம்பிக் கடையில் மெல்லிய தோல் கேட்டு, பைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற ஆட்டுத்தோலை வாங்கி வந்திருக்கிறார். லேசர் பட்டதும் எழுத்து பொத்தலாகிவிட்டது. சுவேட் மெல்லியதாகவும் இருக்கும், தடித்தும் இருக்கும். தோலின் உட்புறத்தைத் தேய்த்து, பூம்பஞ்சு மாதிரி இழை எழுப்பியது சுவேட். வெளிப்புறத்தைத் தேய்த்தால் அது நூபக். சுவேட் என்பது பிரெஞ்சில் சுவீடனின் பெயர். சுவீடன் நாட்டுக் கையுறை என்ற வழக்கிலிருந்து வந்தது. ஊர்ப்பெயர் பொருள்பெயரான சொல்லைப் பெயர்க்க வேண்டியதில்லை. சீனத்தின் பெயரைத் தாங்கிய சீனியை நாம் அப்படியே வைத்துக்கொண்டு தினமும் தேநீரில் போடவில்லையா? சுவேட் என்றே இருக்கட்டும், 'உட்புறம் தேய்த்த தோல்' என்று ஒரு விளக்கம் போதும். அதில் லேசர் பட்டால் இழை கருகிப் படிந்து, எழுத்து நிழல்போல இருண்டு தெரியும். சூட்டைக் குறைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது தாளின் கடைசிப் பக்கம். 'அனைத்துச் சரும வகைகளையும் செதுக்கலாம்' என்று இருந்தது. மலாய் மூலத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கில் செய்த தோல் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. தமிழில் அந்த வரி கரைந்துபோயிருக்கிறது. பி.வி.சி.யில் லேசர் பட்டால் ஐதரசன் குளோரைடு வாயு வரும். ஈரம் பட்டால் அது அமிலம். இயந்திரத்தை அரிக்கும், மூச்சுக்குழாயையும் அரிக்கும். முன்னறையில் வைத்து வேலை செய்கிற ஒருவர் கையில் இந்தத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள்.

திருத்தங்களை எழுதி அனுப்பியிருக்கிறேன், பி.வி.சி. வரியை முதலில் வைத்து. அந்தப் பெண் பதாகையை மாற்றிவிட்டார். 'தோல், சுவேட் பொருள்களில் லேசரில் பெயர் பொறித்துத் தரப்படும்'. அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்குப் படம் அனுப்பி, "றகரம் சரிதானேண்ணே?" என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது.