'தன்' என்று எழுதியிருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு செக் கேஸ். என் கட்சிக்காரருக்குப் பணம் தரவேண்டியவர் வெளியூர் போயிருந்தார். சம்மன் கொண்டுபோன காவலர், வீட்டில் இருந்த மனைவியைப் பார்த்திருக்கிறார், விவரம் கேட்டிருக்கிறார், தண்ணீர்கூட வாங்கிக் குடித்திருக்கிறார். அப்புறம் சம்மனின் பின்பக்கம் "எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) வீட்டில் இல்லை, வயது வந்த ஆண் எவரும் இல்லை" என்று எழுதி, சார்பு செய்யாமல், அதாவது யாரிடமும் சேர்ப்பிக்காமல், திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அந்த அம்மா ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். வருடாவருடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர், தன் வீட்டு வாசலுக்கு வந்த ஒரு காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட முடியவில்லை. வழக்கு மூன்று வாய்தா தள்ளிப்போனது.

காவலர் மேல் தப்பு இல்லை. செக் கேஸ் குற்றவியல் வழக்கு. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 64 அப்படித்தான் சொன்னது: ஆள் கிடைக்காவிட்டால், அவரோடு வசிக்கும் குடும்பத்தின் வயது வந்த ஆண் உறுப்பினரிடம் சம்மனைக் கொடுக்கலாம். வேடிக்கை என்னவென்றால், சிவில் வழக்குகளில் இந்தச் சிக்கலை 1976-லேயே தீர்த்துவிட்டார்கள். "ஆணாயினும் பெண்ணாயினும்" என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆக, அதே வீட்டில் அதே பெண் கடன் வசூல் தாவாவின் சம்மனை வாங்கலாம், செக் கேஸ் சம்மனை வாங்கக் கூடாது. 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 66-இல்தான் அந்த "ஆண்" போனது. இப்போது உடன் வசிக்கும் அம்மா, மனைவி, மகள் யார் வாங்கினாலும் சார்பு ஆனதாகவே கணக்கு. "பொம்பளைங்க வாங்கினா செல்லாது, பேசாம இரு" என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பிச் சும்மா இருந்தால் அடுத்து வருவது வாரண்ட். (வீட்டு வேலைக்கு வருபவரிடம் கொடுத்தால் மட்டும் செல்லாது. அவர் குடும்ப உறுப்பினர் இல்லை என்று சட்டமே சொல்லிவிட்டது.)

பாலினச் சார்பற்ற மொழி என்று பேச்சு எடுத்தாலே, "இதெல்லாம் வெள்ளைக்காரன் பிரச்சினை, சேர்மனா சேர்பர்சனா என்று அவன் அடித்துக்கொள்ளட்டும்" என்பார்கள் என் சக வழக்கறிஞர்கள். பாதி உண்மைதான். ஆனால் நம் சட்டங்கள் பிறந்ததே அந்த ஆங்கிலத்தில். இந்திய தண்டனைச் சட்டம் 1860-லும், பொதுச் சொற்பொருள் சட்டம் 1897-லும், ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று பொதுவாக ஒரு வரி எழுதி வைத்தன. அந்த வரி இருந்தும் வழக்கு வந்தது. மகாராஷ்டிரத்தின் கல்யாணில், திருமணமான ஒரு பெண் மருத்துவரிடம் அவருடைய தந்தை ஜீவனாம்சம் கேட்டார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பெற்றோர் பற்றிய இடத்தில் இருந்தது "அவனுடைய தந்தை அல்லது தாய்" என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல். அவன் என்றால் மகன்தானே, மகளான என்னை எப்படிக் கேட்கலாம் என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1987-இல் நீதிமன்றம் மறுத்தது: அந்த "அவன்" மகளையும் சேர்த்துத்தான், திருமணமான மகளுக்கும் பெற்றோரைக் காக்கும் கடமை உண்டு.

இந்தத் தீர்ப்பை நான் கட்சிக்காரர்களுக்கு அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. "பொண்ணைக் கட்டிக்கொடுத்தாச்சு, அவகிட்ட எப்படிக் கேக்கிறது?" என்று வரும் பெற்றோரும் உண்டு, "நான் கட்டிக்கொடுத்த பொண்ணு, எனக்குப் பொறுப்பில்லை" என்று வரும் மகள்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது வேறு. அதே விதியைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: "தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத தன் தந்தை அல்லது தாய்." இந்தத் "தன்" ஆணா, பெண்ணா? இரண்டும் இல்லை. தமிழில் எழுதியிருந்தால் வாதாடவே இடம் இருந்திருக்காது.

பதவிப் பெயர்களிலும் நமக்குப் பெரிய கஷ்டம் இல்லை. 2007-இல் பிரதிபா பாட்டில் பதவிக்கு வந்தபோது "ராஷ்டிரபதி"யில் இருக்கும் "பதி"யை என்ன செய்வது என்று வடக்கே விவாதம் நடந்தது. 2022-இல் திரௌபதி முர்முவைக் குறித்து ஒரு எம்.பி. "ராஷ்டிரபத்னி" என்று சொல்லி நாடாளுமன்றமே அமளியானது. தமிழில் குடியரசுத் தலைவர் அன்றும் தலைவர், இன்றும் தலைவர். ஆசிரியர், நடத்துனர், மனுதாரர், எதிர்மனுதாரர் எல்லாம் அப்படித்தான்.

சரி, அப்படியானால் நாம் தப்பித்துவிட்டோமா? என் அனுபவத்தில் இல்லை. அந்த "அர்" பால் வேறுபாடு பார்க்காதது உண்மை. ஆனால் அது மரியாதை விகுதி. மரியாதை கொடுக்கும்வரைதான் பால் மறைந்திருக்கும். மரியாதையை எடுத்த நொடியில் மிஞ்சுவது அவன் அல்லது அவள். காவல் நிலையத்தில் பதிவாகும் வாக்குமூலங்களைப் படித்துப் பாருங்கள். ஒரே சம்பவத்தில் கடைக்காரர் "வந்தார்", கூலி வேலைக்குப் போகும் பெண் "வந்தாள்".

திருநங்கையருக்கு இந்த விகுதி எப்படி அடியாக விழுகிறது என்பதை ஒரு அடிதடி வழக்கில் பார்த்தேன். சாட்சி திருநங்கை. 2019-இன் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் கொடுத்த அடையாளச் சான்றிதழ் அவர் பையில் இருக்கிறது. ஆனால் சம்மனில் பழைய ஆண் பெயர். டவாலி (கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊழியர்) மூன்று முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இவர் எழுந்து போனபோது கோர்ட் ஹாலில் சிரிப்பு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை முழுக்க "அவன்" என்றே ஓட்டினார், சாட்சி நிலைகுலையட்டும் என்றுதான். நீதிபதி பாலினம் பற்றி எதுவும் பேசவில்லை. "சாட்சியை மரியாதையாக் கூப்பிடுங்க" என்றார், அவ்வளவுதான். "அவன்" உடனே "அவர்" ஆனது. அப்புறம் சிரிப்பு இல்லை.

இதில் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-இல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் உறுதி செய்தது. 2019-இல் நம் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் "மணமகள்" என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்றது. தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்ததால் வந்த வழக்கு அது. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால் 2022-இல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, "அவன்" என்பது ஆண், பெண், திருநர் மூவரையும் குறிக்கும் என்கிறது. திருநரையும் சேர்த்தார்கள், நல்லது. ஆனால் "அவனை" விடவில்லை, பார்த்தீர்களா?

எல்லா இடத்திலும் பாலைத் துடைத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டம், பாலியல் வன்கொடுமையில் குற்றவாளி, பாதிக்கப்பட்டவர் இருவரையுமே "நபர்" ஆக்கியது. பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. புகார் கொடுக்கும் பெண் மீதே எதிர்ப்புகார் வரும் என்ற பயம் அது, நியாயமான பயம். ஏப்ரலில் வந்த சட்டத்தில் குற்றவாளி மறுபடி "ஆண்" ஆனார். ஆணும் திருநரும் பாதிக்கப்படுவதற்குத் தனி விதி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்காக இதைக் கலைக்கக் கூடாது. 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் ரேஷன் அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்ணே தலைவர் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பொதுவாகத் "தலைவர்" என்று மட்டும் எழுதியிருந்தால் யார் பெயர் வந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

அதே சமயம் குடும்ப வன்முறைச் சட்டத்தில் எதிர்மனுதாரர் "வயது வந்த ஆண்" என்று இருந்தது பெண்களையே தடுத்தது. அண்ணனோடு சேர்ந்து தன்னைத் துன்புறுத்தும் அண்ணி மீது ஒரு மகள் மனுப்போட முடியாமல் இருந்தது. 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லை வெட்டி எறிந்தது. ஒரே சொல் ஒரு சட்டத்தில் கேடயம், இன்னொன்றில் பூட்டு. ஒவ்வொரு இடமாகத்தான் பார்க்க வேண்டும்.

நான் தினமும் மோதுவது மட்டும் வேறொரு எழுத்தோடு: க/பெ, அதாவது கணவர் பெயர். இது பழைய வியாதி. 1951-52-இன் முதல் பொதுத்தேர்தலில், வட மாநிலங்களில் பெரும்பாலும், தன் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே சொன்ன ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. இப்போது பெயர் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஒரு ஆண் பெயர் இல்லாமல் காகிதம் நகராது. பாஸ்போர்ட்டுக்கு 2016 கடைசியிலிருந்து தாய், தந்தை யாராவது ஒருவர் பெயர் போதும். பான் அட்டைக்கு 2018 டிசம்பர் 5 முதல், தாய் மட்டுமே வளர்த்த பிள்ளை தந்தை பெயர் தரத் தேவையில்லை. பலருக்கு இது தெரியாமல், விட்டுப்போன மனிதரின் பெயரைத் தேடி அலைகிறார்கள்.

போன மாதம் குடும்ப வன்முறை மனு ஒன்றுக்கு ஒரு பெண் வந்தார். குமாஸ்தா வழக்கம்போல க/பெ என்று அடித்துவிட்டார். அச்செடுத்த தாளைப் படித்துவிட்டு அந்தப் பெண் கேட்டார்: "மேடம், முதல் வரியில நான் அவர் மனைவின்னு இருக்கு. பன்னிரண்டாவது பத்தியில அவர்கிட்டருந்து காப்பாத்துங்கன்னு இருக்கு. அவர் பேரு கீழ எதிர்மனுதாரர்ல வந்தா பத்தாதா?" சரிதான் என்று த/பெ ஆக்கச் சொன்னேன். "அப்பாவும் குடிச்சிட்டு அடிச்சவர்தான்" என்றார்.

தா/பெ என்று அடித்து, அவர் அம்மாவின் பெயரைப் போட்டுத் தாக்கல் செய்தோம். எண்ணிடும் இடத்தில் இருந்தவர் அந்த வரியில் விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தார். "மேடம், இதுல ஒரு காலு கூட விழுந்திருக்கு. திருத்தித் தர்றீங்களா?"